குழாய் இல்லாமல்

அவனுக்குக் குட்டி என்று பேர் வைத்தது அவனுடைய அக்கா. வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் வந்த பேர். பிறகு அவன் நிலைவாசலில் தலை இடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான், பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. ஏணி போடாமலே கூரையை எட்டுகிறவன் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். ஆள்தான் பெரிசு, பேச்சு ரொம்பக் கம்மி. அவனுக்கும் சேர்த்துப் பேச அவன் மனைவி இருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் ஓடுகிற பெண்ணின் காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பதைச் சொல்லக்கூடிய குரல். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கல்யாணமான புதிதில் கேலியாகக் குட்டியும் அப்படிக் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

பிரசவத்துக்கு இன்னும் நாள் நிறைய இருக்கும்போதே டீச்சருக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியது. முகம் வீங்கி, கண்முன்னால் பூச்சி பறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கே, குழந்தையை வெளியே எடுத்தால்தான் இரண்டு பேருக்கும் நல்லது என்று சொல்லிவிட்டார்கள். ஏழாவது மாசம்கூட முடியவில்லை.

பெண் குழந்தை. அது அழுத சத்தம் குட்டிக்குக் கேட்கவில்லை. ஒரு கதவு திறந்தது, தள்ளுவண்டி ஒன்று வந்தது, அதைச் சுற்றி நாலைந்து பேர் வேகமாக நடந்தார்கள். குட்டியும் பின்னாலேயே நடந்தான். எட்டிப் பார்க்க அவன் எம்ப வேண்டியதே இல்லை. எல்லோர் தலைக்கும் மேலாக அவனுக்குத் தெரிந்தது. உள்ளங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓர் உடம்பு. தோலுக்குள்ளே ஓடுகிற நரம்பு வெளியே தெரிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. அவ்வளவுதான் பார்த்தான். இன்னொரு கதவு திறந்து மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தைகள் டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயது, தூக்கம் கெட்ட கண்கள். குட்டியை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முழு மாசம் ஆகுறப்போ நுரையீரலுக்குள்ள ஒரு வழவழப்பு ஊறும். அது இருந்தாதான் மூச்சை வெளிய விட்டதும் காத்துப் பையெல்லாம் ஒட்டிக்காம இருக்கும். உங்க பாப்பாவுக்கு அது இன்னும் போதுமான அளவு ஊறல. ஒவ்வொரு தடவையும் ஒட்டிப்போன பிளாஸ்டிக் கவரை ஊதித் திறக்கிற மாதிரி, அவ்வளவு கஷ்டம் அவளுக்கு. தொண்டை வழியா ஒரு குழாய் போட்டு, அந்த வழவழப்பையே மருந்தா உள்ள விட்டிருக்கோம். இப்போதைக்கு மெஷின் அவளுக்காக மூச்சு விடுது."

"பொழைச்சுக்குவாளா, டாக்டர்?"

"இன்னைக்கு நல்லாத் தாங்குறா. நான் அதை மட்டும்தான் சொல்ல முடியும். நாளைக்குக் கேளுங்க, நாளைக்கு உள்ளதைச் சொல்றேன்."

மழுப்பாமல் சொன்னது குட்டிக்குப் பிடித்திருந்தது. ஆனால் மாடி வார்டில் படுத்திருக்கிற டீச்சரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"எப்படி இருக்கா?" கையில் ட்ரிப்ஸ் ஊசியோடு படுத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"உன்னை மாதிரியே இருக்கா."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு நுனி வேர்க்கும் குட்டி. உண்மையைச் சொல்லு."

சொன்னான். நரம்பு தெரிகிறது, விலா உள்ளே போகிறது, மெஷின் மூச்சு விடுகிறது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, "என்னை எப்போ கீழ கூட்டிட்டுப் போவாங்கன்னு கேட்டுட்டு வா" என்றாள்.

மறுநாளே சக்கர நாற்காலியில் வந்துவிட்டாள். உள்ளே நுழைவதற்கு முன்னால் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தப் பிரிவையே ஆள்கிற பெரிய சிஸ்டர் குட்டியின் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் பச்சை பெயிண்ட்.

"இது என்ன கலரு?"

"ஸ்கூல் காம்பவுண்டு சுவரு, சிஸ்டர்."

"சுவரைச் சுவர்லயே விட்டுட்டு வாங்க. நகத்தை ஒட்ட வெட்டிட்டு, மறுபடியும் கழுவுங்க."

அதற்குள் டீச்சர் பாப்பா இருந்த கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் போய்விட்டாள். பெட்டிக்குள் வட்டக் கதவு வழியாகக் கையை விட்டு, பாப்பாவின் பாதத்தில் ஒரு விரலை வைத்தாள். "அம்மா வந்துட்டேன்டி!" என்றாள். மைதானத்துக் குரல். அடுத்த பெட்டிக்குள் இருந்த குழந்தை தூக்கிவாரிப்போட்டுக் கை விரித்தது. சிஸ்டர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்தார்கள். அன்றிலிருந்து டீச்சர் மெதுவாகப் பேசப் பழகினாள். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பெண்ணிடம் விடை கேட்கிற மாதிரி இருக்கும் அவள் கிசுகிசுப்பு.

வெளியே வந்ததும் அவள் குட்டியிடம் சொன்னாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் தினமும் உள்ள இருக்கணும். உள்ள யாரும் அழக்கூடாது. அழணும்னா இந்த லிஃப்ட் பக்கத்துல வந்து அழுதுட்டுப் போகலாம். நான் பால் எடுத்துக் கொடுத்துட்டே இருப்பேன். அவ குடிக்கிறது ஒரு சொட்டா இருந்தாலும் சரி."

பால் எடுப்பது சுலபமாக இல்லை. வயிற்றில் போட்ட தையல் இழுத்தது. பம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் பாட்டிலின் அடிகூட நனையாது. அவள் விடவில்லை. விழுந்த அந்தக் கொஞ்சத்தை ஊசிக்குழலில் ஏற்றி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற மெல்லிய குழாயில் சிஸ்டர் விடுவார். அதைப் பார்க்கும்போது டீச்சரின் முகம், ரிலே ஓட்டத்தில் கோல் கைமாறுவதைப் பார்க்கிற மாதிரி இறுகியிருக்கும்.

பாப்பா அழுவாள். வாய் கோணும், நெற்றி சுருங்கும், முகமெல்லாம் சிவக்கும். ஆனால் சத்தம் வராது. குரல் வருகிற இடத்தில் குழாய் கிடந்தது. ஊமைப்படம் மாதிரி அந்த அழுகையைப் பார்ப்பதுதான் குட்டிக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நாளில் மெஷினின் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு காலையில் குழாயை எடுத்தார்கள். மூக்கில் மட்டும் சின்னதாக ஒரு முகமூடி. அதன் வழியாக அழுத்தத்தோடு காற்று வரும், மூச்சை அவளேதான் விட வேண்டும். குழாய் வெளியே வந்த மறு நிமிஷம் பாப்பா அழுதாள். கரகரவென்று, பூனைக்குட்டி கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு குரல்.

"என் குரலுதான்!" என்றாள் டீச்சர். குட்டி லிஃப்ட் பக்கம் போய்விட்டு வந்தான்.

சாயந்திரத்துக்குள் பாப்பா களைத்துப்போனாள். விலா மறுபடியும் உள்வாங்க ஆரம்பித்தது. மூச்சு ஓடும், நிற்கும், ஓடும். திரையில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டுகிற எண் இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டரம்மா இவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். திரும்ப உள்ளே போனபோது குழாய் பழைய இடத்தில் இருந்தது. வாய் கோணியது, சத்தம் இல்லை.

அன்றைக்குக் குட்டியின் அக்கா பார்க்க வந்திருந்தாள். பார்வையாளர் நாற்காலியில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனசோடுதான் சொன்னாள். "மனசைத் திடப்படுத்திக்கம்மா. உங்களுக்கு என்ன வயசாயிடுச்சு? இன்னொண்ணு பொறக்கும்."

டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அண்ணி, அவ உள்ளதான் இருக்கா. இன்னும் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கா. எங்க ஸ்கூல்ல முதல் தடவை ஓடுறப்போ விழாத பொண்ணு ஒருத்திகூட கிடையாது. விழுந்த உடனே நான் வேற பொண்ணைத் தேடப் போறதில்ல."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றாள்.

"சமைச்சுக் கொண்டு வாங்க. எனக்குப் பால் ஊறணும்."

அதிலிருந்து அக்கா தினமும் டிபன் கேரியரோடு வந்தாள். வேறு பேச்சே எடுக்கவில்லை.

பாப்பாவுக்கு எடை கூடியது, மெதுவாக. மறுபடியும் குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா நாள் குறித்தார்.

"இந்தத் தடவையும் முடியலன்னா?" என்று குட்டி கேட்டான்.

"திரும்பப் போடுவோம். திரும்ப எடுப்போம். ரொம்ப நாள் மெஷின்லயே இருந்தா அந்த மெஷினே நுரையீரலைக் கெடுக்கும். அதனால முயற்சி பண்ணிட்டேதான் இருக்கணும். எடுத்ததும் நெஞ்சோட நெஞ்சா வெச்சுக்கணும். அம்மா மேல படுத்திருந்தா மூச்சு சீராகும், சூடும் நிக்கும்."

குறித்த நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் டீச்சர் தும்மினாள். ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக. மூக்கு ஒழுகியது, தொண்டை கட்டியது. பெரிய சிஸ்டர் வாசலிலேயே வழிமறித்தார். பெரியவர்களுக்கு அது வெறும் சளி. உள்ளே இருக்கிற குழந்தைகளுக்கு உயிர்போகிற காரியம். முழுசாகக் குணமாகிற வரைக்கும் உள்ளே விட முடியாது.

டீச்சர் வாதாடவில்லை. லிஃப்ட் பக்கத்தில் நின்று அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, குட்டியைப் பார்த்தாள்.

"நீதான் வெச்சுக்கணும்."

"நானா? என் கையைப் பாரு. அவ உடம்பே இந்த அளவுதான் இருக்கு. உனக்குச் சளி சரியாகட்டும், அப்புறம்..."

"என் மூக்கு ஒழுகி முடியுற வரைக்கும் அவ மூச்சு விடக் காத்துட்டு இருக்கணுமா? நெஞ்சு அகலமாத்தானே இருக்கு? நல்லா இடம் தாராளம். போய்ச் சட்டையைக் கழட்டு."

குட்டி மேஸ்திரியிடம் சொல்லி வெளிச்சுவர் வேலையை மட்டும் ஒத்துக்கொண்டான். விடியும்போது சாரத்தில் ஏறிப் பகலுக்குள் முடித்து, அங்கேயே தேய்த்துக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் கிளம்பினான். பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை கொஞ்சமும் உடம்பில் இருக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குழாய் எடுக்கிற அன்றைக்கு வேலைக்கே போகவில்லை.

எடுத்தார்கள். அதே கரகரத்த அழுகை. முகமூடியைப் பொருத்தினார்கள். மறுநாளும் பாப்பா தாங்கினாள். அதன்பிறகு பெரிய சிஸ்டர் ஒரு சாய்வு நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. பின்னால நல்லா சாஞ்சுக்குங்க. பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்கல்ல? ஒரு தடவை படுக்க வெச்சா எழுந்திருக்க விடமாட்டேன்."

குட்டி மறுபடியும் போய்விட்டு வந்தான்.

ஒயர்களையும் குழாய்களையும் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பாப்பாவைத் தூக்கி அவன் நெஞ்சின் நடுவில் குப்புற வைத்தார். மேலே போர்வை. எடை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, சூடு மட்டும்தான் தெரிந்தது. கன்னத்தை அவன் தோலில் அழுத்தி, கால்களைத் தவளை மாதிரி மடக்கிக்கொண்டாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தான்.

"நீங்க மூச்சு விடலாம்" என்றார் பெரிய சிஸ்டர். "விட்டாதான் அவளுக்கும் ஞாபகம் வரும்."

சற்று நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்குவது நின்றது. குட்டிக்கு முதலில் புரியவில்லை. மெஷின் கத்த ஆரம்பித்தது. திரையில் எண் இறங்கியது. பாப்பாவின் நெற்றி சாம்பல் நிறமானது. உதடு கறுத்தது.

"சிஸ்டர்!"

"பக்கத்துலதான் இருக்கேன். மாசம் முடியாம பொறந்த குழந்தைங்க மூச்சு விட மறந்துடுவாங்க. மூளை இன்னும் அதுக்குப் பழகல. மருந்து கொடுத்திருக்கோம், இருந்தாலும் அப்பப்போ வரும். முதுகைத் தேய்ங்க. நீங்களே தேய்ங்க. கொஞ்சம் அழுத்தி."

அவன் விரலை வைத்து மேலும் கீழுமாகத் தேய்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. சிஸ்டரின் கை முகமூடியைச் சரிசெய்யப் போனது. அவன் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தான். அவள் உடம்பு ஒருமுறை உலுக்கியது. ஆழமாக ஒரு மூச்சை இழுத்தாள். பிறகு இன்னொன்று. எண் ஏறியது. நெற்றியில் ரோஜா நிறம் திரும்பியது.

குட்டியின் முகம் முழுக்க வேர்த்துக் கொட்டியது.

"பெட்டியில வெச்சுடட்டுமா?" என்று பெரிய சிஸ்டர் கேட்டார். "முதல் நாளுக்கு இது போதும். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் பாப்பா தலையை ஒரு நூலளவு நகர்த்தி, அவன் கழுத்தெலும்புக்குக் கீழே இருந்த பள்ளத்தில் இன்னும் நன்றாகப் பதித்துக்கொண்டாள்.

"வேணாம் சிஸ்டர். இருக்கட்டும். மறந்தா நான் ஞாபகப்படுத்துறேன்."

அன்று மதியம் முழுவதும் அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு கால் மரத்துப்போனது. முதுகு அரித்தது. வெளியே வந்து டீச்சரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. முகமூடியும் கைக்குட்டையுமாக, தூரத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சும்மா உக்காராத. பேசு அவகிட்ட. என் குரல்தான் கேக்க முடியல, உன்னுதாவது கேக்கட்டும்."

"என்ன பேசறது?"

"தெரிஞ்சதைப் பேசு."

அவனுக்குத் தெரிந்தது சுவர். மறுநாள் பாப்பாவின் உச்சந்தலைக்கு மேலே குனிந்து, சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தான். முதலில் பழைய பெயிண்டைச் சுரண்டணும். சோம்பல்பட்டு மேலேயே அடிச்சா மழைக்கு உரிஞ்சிடும். விரிசல்ல பட்டி பூசணும். காய விடணும். உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கணும், மெதுவா, இப்படி. பிரைமர் ஒரு கோட்டு. அது காஞ்சப்புறம்தான் கலரு. அவசரப்படக்கூடாது, தெரியுதா? அவள் மூச்சை மறந்தபோது பேச்சை நிறுத்தாமலே முதுகைத் தேய்த்தான். மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அடுத்த வரிசையில் மருந்து அளந்துகொண்டிருந்த சிஸ்டர் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, எங்க பெட்ரூம் சுவரு அடியில ஈரம் ஏறி ஏறிக் கொட்டுது. அதுக்கு என்ன பண்ணணும்?"

"முதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்கம்மா. அதை அடைக்காம எந்தப் பெயிண்டும் நிக்காது."

"கேட்டுக்கோ பாப்பா" என்றார் பெரிய சிஸ்டர். "அப்பா ஆபீஸைத் திறந்துட்டாரு."

நடுவில் ஒரு கெட்ட நாளும் வந்தது. காலையிலிருந்தே மறந்துகொண்டிருந்தாள். முதுகைத் தேய்த்தும் மூச்சு திரும்பத் தாமதமானது, ஒருமுறை காற்றுப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கிருமி தொற்றியிருக்கலாம், இல்லாவிட்டால் வெறும் களைப்பாகவும் இருக்கலாம். "இப்படியே போச்சுன்னா குழாய் போட்டுத்தான் ஆகணும். அது தோல்வி இல்ல. நீங்க அப்படி நெனச்சுக்கக் கூடாது."

"சரிங்க டாக்டர். போடற வரைக்கும் நான் வெச்சுக்கலாமா?"

டாக்டரம்மா பாப்பாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "வெச்சுக்குங்க."

கிருமிக்கான மருந்து ஏறியது. ரத்தம் குறைவாக இருந்ததால் ரத்தமும் ஏற்றினார்கள். குட்டி அசையவில்லை. அக்கா கொண்டுவந்த சாப்பாடு வெளியே ஆறிக்கொண்டிருந்தது. டீச்சர் கதவுக்கு வெளியே, அந்தப் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். உட்காரச் சொல்லி அக்கா எவ்வளவோ கெஞ்சியும் உட்காரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் மெஷின் கத்துவது குறைந்தது. கடைசியில் டாக்டரம்மா வந்து திரையைப் பார்த்துவிட்டு, தயாராக எடுத்து வைத்திருந்த குழாய்த் தட்டை மூடி எடுத்துப்போகச் சொன்னார்.

டீச்சருக்குச் சளி போய், உள்ளே விட்டதும் அவள் நேராக நாற்காலிக்கு வந்தாள். குட்டி ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டிருந்தான்.

"எழுந்திரு. என் முறை."

"காலையில நீ வெச்சுக்க. மதியம் நான்."

"பெத்தது நானு!"

"வெச்சுப் பழக்கினது நானு."

"உஷ்" என்றார் பெரிய சிஸ்டர். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். டீச்சரின் நெஞ்சில் பாப்பாவைக் கிடத்தினார்கள். அவள் மெல்ல, மிக மெல்ல, மகளின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று குட்டி கேட்கவில்லை. மதியம்வரை காத்திருந்து தன் முறையை வாங்கிக்கொண்டான்.

முகமூடி போய், மூக்கில் மெல்லிய ஆக்ஸிஜன் குழாய் மட்டும் ஆனது. பாட்டிலில் குடிக்கக் கற்றுக்கொண்டாள். குடிப்பதும் மூச்சு விடுவதும் ஒரே நேரத்தில் அவளுக்குப் பெரிய வேலை, இரண்டு வாய் குடித்துவிட்டு மூன்று தடவை இளைப்பாறுவாள். மற்றக் குழந்தைகள் பிறக்கிற எடைக்கு அவள் வந்த பிறகும் ஆக்ஸிஜனை விட முடியவில்லை. நுரையீரலில் தழும்பு இருக்கிறது, வளர வளரப் புது இடம் உண்டாகும், ஆனால் நாளாகும் என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷினோடுதான் அனுப்பினார்கள்.

மெஷின் வருவதற்கு முன்னால் குட்டி வீட்டிலிருந்த பெயிண்ட் டப்பாக்களையெல்லாம் மேஸ்திரியின் கொட்டகைக்கு மாற்றினான். மாடிவீட்டுக்காரரிடம் போய், சிகரெட்டைத் தெருவில் நின்று குடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆளிடம் வலியப் போய்ப் பேசினான். அவர் அவன் உயரத்தைப் பார்த்துவிட்டு உடனே சம்மதித்தார்.

முதல் குளிர்காலத்தில் பாப்பாவுக்குச் சளி பிடித்து, மூச்சிரைத்து, மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை வேறு மாடி, வேறு சிஸ்டர்கள். தொண்டைக்குள் குழாய் தேவைப்படவில்லை. சில நாளில் திரும்பி வந்தார்கள். டீச்சர் வேலைக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வெயில் காலத்தில் ஒரு காலை, டாக்டரம்மாவின் அறையில் பாப்பாவின் மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். அவள் குட்டியின் மடியில் உட்கார்ந்து, கால் விரலில் மாட்டியிருந்த அளவுக் கருவியைப் பிடுங்கப் பார்த்தாள். எண் இறங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தார்கள், இறங்கவில்லை. பால் குடித்தாள், எண் கொஞ்சம் அசைந்து மறுபடியும் பழைய இடத்துக்கே வந்தது. தூங்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு நாள் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை டாக்டரம்மா வந்து, "போதும். இனிமே வேணாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் பாப்பாவின் கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்தாள். அங்கே மட்டும் தோல் வெளுத்து, இரண்டு பக்கமும் கோடு மாதிரி இருந்தது.

"மெஷினைத் திருப்பிக் கொடுத்துட்டு வரட்டுமா?" குட்டி கேட்டான்.

டீச்சர் யோசித்தாள். "இந்த வாரம் இருக்கட்டும். அடுத்த வாரம் கொடுத்துக்கலாம்."

"நானும் அதையேதான் நெனச்சேன்."

அவன் மெஷினைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தான். பாப்பா தரையில் குப்புறக் கிடந்து அதைப் பார்த்தாள். முழங்கையை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, அதை நோக்கித் தவழ ஆரம்பித்தாள். பாதி வழியில் நின்று இளைப்பாறினாள். யாரும் தூக்கப் போகவில்லை.